படுத்ததும் ஓடத் தொடங்கும் மனசு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"லைட்டை அணைச்சதுக்கு அப்புறம்தான் எல்லாக் கவலையும் வரிசை கட்டி வருது" என்று சொல்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே சேர்த்திருக்கிறோம். கேள்விகளை அவரவர் பேச்சிலேயே விட்டுவிட்டோம். பதில்களில் வரும் முறைகள் பெரும்பாலும் சிபிடி-ஐ எனப்படும் சிகிச்சையைச் சேர்ந்தவை. தூக்கமின்மைக்கென்றே வகுக்கப்பட்ட மனப்பழக்கப் பயிற்சி அது. நாட்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் இதைத்தான் முயல வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-லும், ஐரோப்பியத் தூக்க ஆய்வுச் சங்கம் 2017-லும் பரிந்துரைத்தன. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் தொட்டுப் போவதால் முதல் முறை வரிசையாகவே படியுங்கள்.

1. பகல் முழுக்க நல்லாத்தான் இருக்கேன். படுத்த உடனே மட்டும் ஏன் எல்லாம் ஞாபகம் வருது?

பகலில் யோசிக்க இடமே இல்லை. வேலை, பஸ், போன், சமையல், பிள்ளைகளின் வீட்டுப்பாடம் என்று ஒன்று மாற்றி ஒன்று. தள்ளிப்போட்ட யோசனைகளுக்கு நாளில் கிடைக்கும் முதல் காலி நேரம், நீங்கள் தலையணையில் தலை வைக்கும் அந்தக் கால் மணி நேரம்தான். எனவே அவை அங்கே வந்து நிற்கின்றன.

இன்னொரு காரணம் பழக்கம். பல இரவுகள் படுக்கையில் புரண்டு கவலைப்பட்டால், படுக்கை என்றாலே கவலை என்று மூளை பழகிவிடும். இதற்கு ஓர் அடையாளம் உண்டு. ஹாலில் டிவி பார்க்கும்போது கண் சொக்கும். "போய் ஒழுங்கா படு" என்று எழுப்பி அனுப்பினால், கட்டிலில் விழுந்ததும் பளிச்சென்று விழிப்பு வந்துவிடும். ரிச்சர்ட் பூட்சின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1972-ல் சொன்ன சிகிச்சை இந்தப் பழக்கத்தை அவிழ்ப்பதற்குத்தான். 6-ம் கேள்வியில் அதைப் பார்க்கலாம்.

2. படுத்து எவ்வளவு நேரத்துல தூக்கம் வரணும்?

10 முதல் 20 நிமிடம் இயல்பு. அரை மணி நேரம் வரை ஆனாலும் கணக்கில் எடுக்க வேண்டாம். தலை சாய்த்த மறுநொடி தூங்கிவிடுகிறேன் என்பது பெருமை இல்லை. பெரும்பாலும் தூக்கம் பாக்கி இருக்கிறது என்று பொருள். அரை மணிக்கு மேல் விழித்துக் கிடப்பது வாரத்தில் 3 இரவாவது நடந்து, 3 மாதம் நீடித்து, பகல் வேலையையும் கெடுத்தால் அது நாட்பட்ட தூக்கமின்மை.

எட்டு மணி நேரம் என்பது சட்டம் இல்லை. பெரியவர்களுக்கு 7 மணி நேரமோ அதற்கு மேலோ வேண்டும் என்பதுதான் பரிந்துரை. "எட்டு ஆகலையே" என்ற கணக்கே சிலரைத் தூங்கவிடுவதில்லை.

3. யோசிக்கவே கூடாதுன்னு நினைச்சா இன்னும் ஜாஸ்தியா வருதே?

வரத்தான் செய்யும். மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று வைத்தியர் சொன்ன கதை நமக்குத் தெரிந்ததுதான். டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1987-ல் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று மாணவர்களிடம் சொல்லிப் பார்த்தார், அவர்களால் முடியவில்லை. நினைக்காமல் இருக்கிறோமா என்று மனசு அவ்வப்போது எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. எட்டிப் பார்க்கும்போதே அந்த நினைப்பு உள்ளே வந்துவிடுகிறது.

தூக்கமும் அப்படித்தான். "தூங்கணும், தூங்கணும்" என்று முயல்வது, தூக்கம் வந்துவிட்டதா என்று நொடிக்கொரு முறை சோதிப்பது. சோதிக்க விழித்திருக்க வேண்டுமே. அதனால் விரட்டுவதை விட்டுவிட்டு, வந்த யோசனைக்கு ஒரு பெயர் வையுங்கள்: "இது கடன் யோசனை", "இது ஆபீஸ் யோசனை". "நாளைக்கு நோட்டுல பார்த்துக்கலாம்" என்று சொல்லி அங்கேயே விடுங்கள். அது போகாமல் நின்றாலும் பரவாயில்லை. பதில் சொல்லிக்கொண்டே இருந்தால்தான் பேச்சு நீளும். அந்த நோட்டு என்ன என்பது அடுத்த பதிலில்.

4. சரி, அப்ப கவலையை என்னதான் பண்றது?

அதற்கென்று நேரம் ஒதுக்குங்கள். சாயங்காலம் ஆறரையிலிருந்து எட்டுக்குள், படுக்கைக்குக் குறைந்தது 2 மணி நேரம் முன்பு, 15 முதல் 20 நிமிடம். கட்டிலில் வேண்டாம், சாப்பாட்டு மேசை, திண்ணை, மொட்டைமாடி எதுவானாலும் சரி. கோடு போட்ட சாதா நோட்டு போதும். பக்கத்தை நடுவில் மடித்து, இடப்பக்கம் கவலையை ஒரே வரியில் எழுதுங்கள். வலப்பக்கம் அதற்கு அடுத்துச் செய்யக்கூடிய மிகச் சிறிய காரியம், நாளும் நேரமும் போட்டு.

"வாடகையை ஏத்தப் போறாங்க" என்பது இடப்பக்கம். வலப்பக்கம் "ஏதாவது பண்ணணும்" என்று எழுதினால் பயனில்லை. "சனி காலை 10 மணி: எவ்வளவு, எந்த மாசத்துல இருந்துன்னு வீட்டுக்காரர்கிட்ட கேக்கணும்" என்று எழுத வேண்டும். "அம்மாவுக்கு சுகர் கூடிடுச்சு" என்பதற்கு நேரே "புதன் காலை வெறும் வயித்துல ரத்தப் பரிசோதனை, லேப் எத்தனை மணிக்குத் திறக்கும்னு செவ்வாயே கேக்கணும்". செய்வதற்கு ஒன்றுமே இல்லாத கவலையும் உண்டு. அங்கே "இப்போதைக்கு என் கையில் இல்லை" என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள். வலப்பக்கத்தைக் காலியாக விட்டால் ராத்திரி அது திரும்ப வரும்.

இது வேலை செய்யாமல் போவது பெரும்பாலும் மூன்று காரணங்களால். நாட்குறிப்பு மாதிரி நாலு பக்கம் எழுதி அழுதுவிட்டு எழுந்திருப்பது ஒன்று. பத்தரை மணிக்கு எழுத உட்காருவது இன்னொன்று. மோசமான நாளில் மட்டும் எழுதுவது மூன்றாவது. கவலை இல்லாத நாளிலும் நோட்டைத் திறந்து "இன்று ஒன்றும் இல்லை" என்று எழுதி மூட வேண்டும். கவலைக்கு ஒரு நேரம் உண்டு என்பதை மனசு நம்ப 2 வாரமாவது பிடிக்கும்.

5. தூங்கப் போற நேரத்துல எழுதினா இன்னும் முழிப்பு வந்துடாதா?

கவலையை எழுதினால் வரலாம். நாளைய வேலைப் பட்டியலை எழுதினால் வராது. 2018-ல் அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். படுக்கும் முன் 5 நிமிடம் ஒரு குழு செய்ய வேண்டிய வேலைகளை எழுதியது; இன்னொரு குழு செய்து முடித்தவற்றை எழுதியது. முதல் குழு சராசரியாக 9 நிமிடம் முன்னதாகத் தூங்கியது. எவ்வளவு விவரமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம். ஒரே இரவுச் சோதனைதான், பெரிதாக நம்பிவிட வேண்டாம். ஆனால் செலவு இல்லாத காரியம்.

காகிதத்தில் எழுதுங்கள். போனில் எழுதப் போனால் மேலே வந்து நிற்கும் வாட்ஸ்அப் செய்தியைத் திறக்காமல் வருபவர் குறைவு.

6. படுத்துட்டேன், தூக்கம் வரலை. எவ்வளவு நேரம் அப்படியே கிடக்கலாம்?

சுமார் 15, 20 நிமிடம். கடிகாரம் பார்க்காமல், மனக்கணக்கில். எரிச்சல் தலைகாட்டும் நிமிடம்தான் சரியான அளவு. எழுந்து வேறு இடத்துக்குப் போய் மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள். கை சும்மா இருக்கக் கூடாது, மூளை சூடாகவும் கூடாது: காய்ந்த துணியை மடிக்கலாம், பட்டாணி உரிக்கலாம், முன்பே படித்த பழைய வார இதழைப் புரட்டலாம். போன், டிவி செய்தி, கணக்கு வழக்கு, "முழிச்சுதானே இருக்கோம்" என்று ஆபீஸ் மெயில் பார்ப்பது எதுவும் வேண்டாம்.

தூக்கம் வந்தால் மட்டுமே திரும்பப் படுக்க வேண்டும். களைப்பு வேறு, தூக்கம் வேறு. கை கால் அசந்து, மனசு மட்டும் பரபரப்பாக இருந்தால் அது களைப்பு. இமை தானாக இறங்கி, படித்த வரியையே மறுபடி படித்து, தலை ஆடினால் அது தூக்கம். படுத்தும் வரவில்லையா, மறுபடி எழுந்திருங்கள். முதல் சில இரவு நாலைந்து முறை எழ வேண்டியிருக்கும். முதல் வாரம் முன்பைவிட மோசமாகக்கூடத் தோன்றும். பலர் நிறுத்துவது இந்த வாரத்தில்தான். இன்னொன்று: படுக்கையில் உட்கார்ந்து சாப்பிடுவது, சீரியல் பார்ப்பது, லேப்டாப் திறப்பது எல்லாவற்றையும் நிறுத்தாமல் இதை மட்டும் செய்தால் பலன் பாதிதான்.

7. ஒரே ரூம்தான். எல்லாரும் வரிசையா பாய்ல படுத்திருக்காங்க. எழுந்து எங்க போறது?

இடம் மாறுவதைவிடக் கிடை மாறுவதுதான் முக்கியம். எழுந்து உட்கார்ந்து சுவரில் சாயுங்கள். தலையணையை ஓரமாக நகர்த்தி, உங்கள் பாயைக் காலடியில் சுருட்டிவிட்டால் அது படுக்கை இல்லை என்றாகிவிடும். ஜீரோ வாட்ஸ் பல்பு போதும். ஒரு காதில் மட்டும் இயர்போன் வைத்து, குரல் குறைத்து, கேட்டுப் பழகிய பேச்சு எதையாவது ஓடவிடலாம். புதிதாக, சுவாரசியமாக இருப்பது வேண்டாம். தூக்கம் வந்ததும் பாயை விரித்துப் படுங்கள்.

தள்ளாடும் முதியவர்கள், ராத்திரியில் எழுந்தால் தலை சுற்றுபவர்கள், இருட்டில் விழும் ஆபத்து உள்ளவர்களும் எழுந்து நடமாடாமல் இப்படி உட்கார்ந்தாலே போதும்.

8. மூச்சுப் பயிற்சியில எது நல்லது? 4-7-8 பண்ணினா எனக்கு மூச்சு முட்டுது.

ஆண்ட்ரூ வெய்ல் என்ற அமெரிக்க மருத்துவர் பரப்பிய 4-7-8 முறையில் 7 எண்ணும் வரை மூச்சை அடக்க வேண்டும். பதற்றத்தில் இருப்பவருக்கு அந்த அடக்கலே பதற்றம் தரும். உங்களுக்கு முட்டுகிறது என்றால் விட்டுவிடுங்கள். மூக்கு வழியாக 4 எண்ணி உள்ளே, 6 எண்ணி வெளியே, நடுவில் அடக்கல் இல்லை. மூச்சை விடும்போது இதயத் துடிப்பு சற்றுத் தணியும்; வெளிமூச்சை நீட்டச் சொல்வது அதனால்தான். நிமிடத்துக்கு 6 மூச்சு வரும். 5 நிமிடம், 30 மூச்சு. ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொள்ளுங்கள். அது ஏறி இறங்க வேண்டும், தோள் அசையக் கூடாது.

பொதுவான தவறு, "ஆழமா இழு" என்றதும் நெஞ்சு நிறைய இழுத்து இழுத்து விடுவது. ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை கிறுகிறுக்கும், விரல் நுனி மரத்துப்போகும், அதைப் பார்த்து இன்னும் பயம் வரும். மெதுவாக விட வேண்டும், நிறைய இழுக்க வேண்டாம். ஒரு வாரம் பகலில் பழகிவிட்டு ராத்திரிக்குக் கொண்டுபோங்கள். தூக்கம் வரவழைக்கும் கருவியாக இதைப் பிடித்துக்கொண்டால் 3-ல் சொன்ன குரங்கு இங்கேயும் வரும்.

9. மனசுகூடப் பரவாயில்லை, உடம்பே இறுகிக் கிடக்குது. தாடை வலிக்குது.

எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற மருத்துவர் 1920-களில் உருவாக்கிய தசைத் தளர்வு முறை உங்களுக்குப் பொருந்தும். பாதம், கெண்டைக்கால், தொடை, வயிறு, கை, தோள், முகம் என்று கீழிருந்து மேலே வாருங்கள். ஒவ்வோர் இடத்தையும் 5 நொடி இறுக்கி, சட்டென்று விட்டு, 15 முதல் 20 நொடி அந்தத் தளர்ச்சியைக் கவனியுங்கள். தோளைக் காது வரை தூக்கி விடுவதும், பல்லை மெல்லக் கடித்து விடுவதும் தாடை வலிக்காரர்களுக்கு முக்கியமான இரண்டு இடங்கள். ஒரு சுற்று 10, 15 நிமிடம் ஆகும்.

முழு பலத்தோடு இறுக்கினால் கெண்டைக்காலில் குரக்களி பிடித்துக்கொள்ளும். பாதி பலம் போதும். அங்கே கால் விரலை முன்னால் நீட்டாமல் உங்களை நோக்கி மடக்குங்கள்.

10. ஆடு எண்ணிப் பார்த்தேன், நூறு நூறா எண்ணிப் பார்த்தேன். நடுவுல கவலை வந்துடுது. வேற ஏதாவது இருக்கா?

எண்ணுவது ரொம்பச் சுலபம். வாய் எண்ணிக்கொண்டே இருக்கும், மனசு தனியாகக் கவலைப்படும். மனசில் படம் ஓட வேண்டும், ஆனால் கதை சேரக் கூடாது. கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூக் போடுவாங் சொன்ன வழி இது: ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பொருள்களை ஒவ்வொன்றாகக் கண்ணுக்குள் கொண்டுவருவது. தூக்கம் வரும் வேளையில் மனசில் துண்டு துண்டாகப் படம் ஓடுமே, அதன் நகல்.

தமிழில் இதற்கு நம் உயிர்மெய் வரிசையே கையில் இருக்கிறது. க: கதவு. அந்தக் கதவின் நிறம், தாழ்ப்பாள், ஐந்தாறு நொடி பாருங்கள். கா: காகம், மதில்மேல் தலை சாய்த்து நிற்கிறது. கி: கிண்ணம். கீ: கீற்று. கு: குடை. கூ: கூடை. கெ: கெண்டை மீன். கே: கேழ்வரகு, கையில் அள்ளி விட்டால் சரசரவென்று கொட்டுகிறது. கை: கைப்பை. கொ: கொய்யா. கோ: கோலம். கௌ: கௌதாரி. முடிந்தால் ச வரிசை: சட்டி, சாவி, சிலந்தி, சீப்பு. சொல் வரவில்லையென்றால் தேடக் கூடாது, தாண்டிப் போக வேண்டும். கடன், கணக்கு, கோர்ட் மாதிரி முள் உள்ள சொல் வந்தாலும் தாண்டிப் போங்கள். ச வரிசையின் கடைசி வரை போகும் இரவுகள் குறைவாகத்தான் இருக்கும்.

மந்திரமோ ஜெபமோ சொல்லிப் பழகியவர்கள் அதையே தொடரலாம். அர்த்தத்தை ஆராயாமல் ஒரே தாளத்தில் சொல்வதுதான் இங்கே வேலை செய்கிறது.

11. ராத்திரி தூங்கலை, காலையில லேட்டா எழுந்து சரிக்கட்டலாமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்: ஞாயிறு உட்பட தினமும் ஒரே நேரத்தில் எழுவது. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் தூக்கப் பசி சேர்கிறது. காலை 6 மணிக்கு எழுந்தால் இரவு 10-க்குள் 16 மணி நேரப் பசி. ஞாயிறு 9 மணிக்கு எழுந்து, மதியம் பிரியாணி சாப்பிட்டு 2 மணி நேரம் தூங்கி, இரவு 10-க்குப் படுத்தால் பசியே இல்லை. அதோடு திங்கட்கிழமை நினைப்பும் சேரும். ஞாயிற்றுக்கிழமை தூக்கம் வராததற்கு ஆபீஸைத் திட்டுகிறோம்; பாதிப் பழி மதியத் தூக்கத்துக்குப் போக வேண்டும்.

முடியவே இல்லையென்றால் பகல் 3 மணிக்கு முன் 20 நிமிடம், அலாரம் வைத்து. காலையில் எழுந்ததும் 20, 30 நிமிடம் வெளிவெளிச்சத்தில் நில்லுங்கள். உடல் கடிகாரம் அதை வைத்துத்தான் இரவைக் கணக்கிடுகிறது.

12. காபி எனக்கு ஒண்ணும் பண்ணாது. குடிச்சிட்டே தூங்குவேன். அதையும் விடணுமா?

தூங்குவது சரி, எப்படித் தூங்குகிறீர்கள் என்பது வேறு. 150 மில்லி டிகாக்ஷன் காபியில் 80 முதல் 120 மில்லிகிராம் கஃபீன் இருக்கிறது. இன்ஸ்டன்ட் காபியில் 50 முதல் 65, டீயில் 30 முதல் 65. உள்ளே போனதில் பாதி கழியச் சராசரியாக 5 மணி நேரம் ஆகும். சாயங்காலம் நாலரைக்குக் குடித்த 100 மில்லிகிராமில் இரவு ஒன்பதரைக்கு 50 மிச்சம். கர்ப்பிணிகளுக்கும் கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கும் இன்னும் மெதுவாகக் கழியும். 2013-ல் வெளிவந்த ஆய்வொன்றில், படுக்கைக்கு 6 மணி நேரம் முன்பு எடுத்த 400 மில்லிகிராம் ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கத்தைக் குறைத்தது.

கவலைக்காரர்களுக்குக் கூடுதல் தொல்லை உண்டு. கஃபீன் தரும் படபடப்பை மனசு "ஏதோ சரியில்லை" என்று மொழிபெயர்த்துக்கொள்ளும். 2 மணிக்கு மேல் வேண்டாம். ஒரேயடியாக விட்டால் இரண்டு நாள் தலைவலி படுத்தும். வாரத்துக்கு ஒரு டம்ளர் வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

13. தூக்கம் வந்துடுது. ஆனா மூணு மணிக்கு டாண்ணு முழிப்பு வந்து, விடியற வரைக்கும் ஒரே யோசனை.

தூக்கம் சுமார் 90 நிமிடச் சுற்றுகளாக வருகிறது. ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் முதல் பாதியில் முடிந்துவிடும். மூன்று மணிக்கு மேல் லேசான தூக்கமும் கனவும்தான். சுற்று மாறும் இடத்தில் எல்லோரும் விழிக்கிறோம், பலருக்கு நினைவிருப்பதில்லை. உங்களுக்கு அந்த விழிப்பு கெட்டிப்படக் காரணம் பெரும்பாலும் அடுத்த நொடியில் செய்யும் காரியம்: போனை எடுத்து மணி பார்ப்பது. "மூணு பத்து. இன்னும் ரெண்டே முக்கால் மணி நேரம்தான்" என்று கணக்குப் போட்டதும் மூளை வேலைக்கு வந்துவிட்டது. கடிகாரத்தைச் சுவர்ப் பக்கம் திருப்புங்கள். அலாரம் அடிக்கும் வரை மணி தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

பிறகு 10-ல் சொன்ன வரிசை, அதுவும் சரிவராவிட்டால் 6. அந்த நேரத்தில் உடல் வெப்பம் தாழ்ந்து, யோசிக்கும் திறனும் மந்தமாக இருக்கும். சின்னக் கவலையும் பூதாகரமாகத் தெரியும். ராஜினாமா, விவாகரத்து, சொத்து விற்பது போன்ற முடிவுகள் எதையும் மூன்று மணிக்கு எடுப்பதில்லை என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். மது குடித்திருந்தால் காரணம் அதுவாகவே இருக்கலாம்: சீக்கிரம் தூங்கவைத்து, பின்பாதியைக் கிழித்துப்போடும். சிறுநீருக்காகவே அடிக்கடி எழுந்தால் சர்க்கரை பார்த்துவிடுங்கள்.

14. தூக்கம் வர்ற நேரத்துல, மாடியில இருந்து விழற மாதிரி தூக்கி வாரிப் போடுது. நரம்புக் கோளாறா?

இல்லை. விழிப்பிலிருந்து தூக்கத்துக்கு மாறும்போது தசை துள்ளுவது பலருக்கும் வரும். தூக்கம் கெட்ட நாள், காபி கூடிய நாள், மன அழுத்தமான நாள்களில் அதிகம்.

15. முழிப்பு இருக்கு, ஆனா கை கால் அசைக்க முடியலை. நெஞ்சுல யாரோ உக்கார்ந்து அமுக்கற மாதிரி இருந்துச்சு.

ஊரில் அமுக்குவான் பேய் என்பார்கள். கனவுத் தூக்கத்தில் நாம் எழுந்து ஓடிவிடாமல் இருக்க மூளை தசைகளைத் தளர்த்தி வைக்கிறது. அந்தப் பூட்டு திறக்கும் முன் விழிப்பு வந்துவிட்டால் இந்த நிலை. கனவின் மிச்சம் அறைக்குள் ஆளாகத் தெரியும். சில நொடியிலிருந்து சில நிமிடத்தில் தானாக விலகும், ஆபத்து இல்லை. மல்லாந்து படுப்பதும் தூக்கம் கெடுவதும் இதைக் கூட்டும். ஒருக்களித்துப் படுத்துப் பாருங்கள். வரும்போது முழு உடம்பையும் உதறப் போராடாமல், ஒரு விரல் நுனியை மட்டும் அசைக்க முயலுங்கள்.

16. நடுராத்திரியில நெஞ்சு படபடன்னு அடிச்சு, வேர்த்து எழுந்துட்டேன். ஹார்ட் அட்டாக்கா, பயமா?

முதல் முறை என்றால் நீங்களாக முடிவு கட்ட வேண்டாம். நெஞ்சில் பாரம், அது இடது கைக்கோ தாடைக்கோ பரவுவது, வேர்வை, மூச்சுத் திணறல் இருந்தால் 108-ஐ அழையுங்கள். 40 வயதைத் தாண்டியவர், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர் என்றால் "கேஸ் ட்ரபிள்" என்று சோடா குடித்துக் காத்திருக்கக் கூடாது.

இசிஜி முதலியவை பார்த்து, இதயம் நன்றாக இருக்கிறது என்று மருத்துவர் சொன்ன பிறகும் வந்தால், தூக்கத்தில் வரும் பீதித் தாக்குதலாக இருக்கலாம். அது 10 நிமிடத்துக்குள் உச்சம் தொட்டு இறங்கிவிடும். எழுந்து உட்கார்ந்து, காலைத் தரையில் ஊன்றி, 8-ல் சொன்ன மூச்சை விடுங்கள். திரும்பத் திரும்ப வந்தால் சிகிச்சை உண்டு, நன்றாகக் குணமும் தெரியும்.

17. வாட்ச்ல டீப் ஸ்லீப் 40 நிமிஷம்தான்னு காட்டுது. பயமா இருக்கு.

கைக்கடிகாரம் அசைவையும் துடிப்பையும் வைத்து ஊகிக்கிறது. மூளை அலையை அது பார்ப்பதில்லை. அந்த எண்ணைத் துரத்தியே தூக்கம் கெடுவதற்கு 2017-ல் ஆர்த்தோசோம்னியா என்று பெயரே வைத்துவிட்டார்கள். 2 வாரம் கழற்றி வையுங்கள்.

18. பால், ஜாதிக்காய், அமுக்கரா சாப்பிட்டா தூக்கம் வரும்கிறாங்களே?

வெதுவெதுப்பான பால் குடித்துப் பழகியவர்களுக்கு அது "இனி தூக்கம்" என்ற சைகை. அந்த அளவில் நல்லது. ஜாதிக்காய் ஒரு சிட்டிகையைத் தாண்டக் கூடாது. ஒரு டீஸ்பூன் அளவுக்குப் போனால் வாந்தி, படபடப்பு, மனக்குழப்பம் வரும். அமுக்கரா சிலருக்குச் சற்று உதவுகிறது. ஆனால் கர்ப்பிணிகளும் தைராய்டு மாத்திரை, தூக்க மாத்திரை எடுப்பவர்களும் தாமாக ஆரம்பிக்கக் கூடாது. அரிதாகக் கல்லீரல் பாதிப்பும் நேர்ந்திருக்கிறது. படுக்கைக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன் வெந்நீரில் குளிப்பதற்கு இவற்றைவிட நல்ல ஆதாரம் இருக்கிறது. தோலுக்கு ரத்தம் ஓடி, உள்வெப்பம் இறங்குவதே தூக்கத்துக்கான வழி.

19. மெடிக்கல்ல அல்பிரசோலம் வாங்கிப் போட்டுக்கிட்டா தப்பா? பக்கத்து வீட்டு அக்கா போடறாங்க.

தப்பு. அல்பிரசோலம், குளோனசெபம் வகை மாத்திரைகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது. சில வாரத்திலேயே உடம்பு பழகி அளவு கூடக் கேட்கும். முதியவர்களுக்கு விழுந்து எலும்பு முறிவதும், மறதியும் உண்டு. ஏற்கெனவே மாதக்கணக்கில் எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றே நிறுத்திவிடாதீர்கள். திடீரென விட்டால் தூக்கம் முன்பைவிடக் கெடும், வலிப்புகூட வரலாம். எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் படிப்படியாகக் குறைக்கும் அட்டவணை கேளுங்கள். சளி மாத்திரையைத் தூக்கத்துக்குப் போடுவதும் சில நாளில் பலனிழக்கும்.

20. எல்லாம் பண்ணியாச்சு. இப்ப "படுக்கிற நேரத்தைக் குறை"ங்கறாங்க. தூக்கமே இல்லாதவனை இன்னும் குறைக்கச் சொன்னா எப்படி?

தலைகீழாகத் தோன்றினாலும் சிபிடி-ஐயின் பலமான பகுதி இதுதான். ஆர்தர் ஸ்பீல்மன் என்ற தூக்க ஆய்வாளர் 1987-ல் விவரித்தது. ஒருவர் ஒன்பதரைக்குப் படுத்து ஆறரைக்கு எழுகிறார்: படுக்கையில் 9 மணி நேரம், தூங்கியது ஐந்தரை. படுத்த நேரத்தில் 61 சதவீதம்தான் தூக்கம். மீதி மூன்றரை மணி நேரமும் கவலைக்குக் கொடுத்த வாடகையில்லா இடம். எனவே தூங்கும் அளவுக்கே படுக்கை: இரவு 1 மணி முதல் காலை ஆறரை வரை. ஒரு வாரச் சராசரி 85, 90 சதவீதத்தை எட்டினால் 15 நிமிடம் முன்னதாகப் படுக்கலாம். எட்டும் ஒவ்வொரு வாரமும் 15 நிமிடம். எவ்வளவு குறைவாகத் தூங்கினாலும் படுக்கை நேரம் 5 மணி நேரத்துக்குக் கீழே போகக் கூடாது.

இருதுருவக் கோளாறு (பைபோலார்), வலிப்பு, தூக்கத்தில் நடக்கும் வழக்கம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், லாரி, பஸ் ஓட்டுபவர்கள், உயரத்திலோ இயந்திரத்திலோ வேலை பார்ப்பவர்கள் இதைத் தாமாகச் செய்யவே கூடாது. மற்றவர்களும் முதல் 2 வாரம் பகலில் சொக்கும் என்று எதிர்பார்த்து, நெடுந்தூரம் பைக் ஓட்டுவதைத் தவிருங்கள்.

21. எப்ப டாக்டரைப் பார்க்கணும்? எந்த டாக்டர்?

2-ல் சொன்ன 3 மாத அளவைக் காத்திருந்து எட்ட வேண்டியதில்லை. இந்த முறைகளை 4 முதல் 6 வாரம் ஒழுங்காகச் செய்தும் மாறாவிட்டால் போங்கள். பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறல், பகலில் உட்கார்ந்தபடி தூங்குவது என்றால் நுரையீரல் அல்லது காது மூக்கு தொண்டை மருத்துவர். படுத்ததும் காலை ஆட்டியே தீர வேண்டும்போல் குடைச்சல் என்றால் இரும்புச் சத்தும், உடலில் அதன் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்க வேண்டும். எடை குறைந்து, கை நடுங்கி, படபடப்பு இருந்தால் தைராய்டு. 2 வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், விடியலுக்கு முன்பே விழித்து அழுகை வந்தால் மனநல மருத்துவர்.

சாவதே மேல் என்ற நினைப்பு வந்தால் விடியும் வரைகூடக் காத்திருக்க வேண்டாம். இந்தியாவில் டெலி மனஸ் என்ற மனநல உதவி எண் 14416, 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் 1926.

மருத்துவரிடம் போகும்போது 2 வாரத் தூக்கக் குறிப்பைக் கையில் கொண்டுபோங்கள். நாளுக்கு ஒரு வரி: படுத்த நேரம், தூங்க எடுத்த நேரம், எத்தனை முறை விழிப்பு, எழுந்த நேரம், காபி, மது, மாத்திரை, பகல் தூக்கம். எல்லாம் காலையில் தோராயமாக எழுதியது போதும். ராத்திரி மணி பார்த்துக் குறிக்க வேண்டாம்.